மீந்த ஆட்டுத்தொடையில் டெக்சஸ் சில்லி: கறி கடைசியில்தான்

அவனில் சுட்ட ஆட்டுத்தொடை மீந்தால் நம் வீடுகளில் மறுநாள் அது புரட்டலாகிவிடும், இல்லையென்றால் ஃபிரைட் ரைஸில் கலந்துவிடும். இரண்டுமே எனக்குப் பிடிக்கும். ஆனால் ஆண்டிறுதி விருந்து முடிந்து 700 கிராம் கறி, ஒரு முழு எலும்பு, தட்டில் தேங்கிய சாறு எல்லாம் ஃபிரிட்ஜில் இருக்கும்போது, வீட்டில் எல்லோரும் இரண்டு வேளை வயிறாரச் சாப்பிடும்படி ஒரு பெரிய சட்டி நிறையச் செய்யலாமே என்று தோன்றும். அதற்கு டெக்சஸ் சில்லியைவிட, அதாவது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் காய்ந்த மிளகாய் விழுதில் கறியை வேகவைத்துச் செய்யும் கெட்டிக் குழம்பைவிட, பொருத்தமான பண்டம் எனக்குத் தெரிந்து இல்லை. காய்ந்த மிளகாய், சீரகம், வெங்காயம், பூண்டு எல்லாம் நம் அஞ்சறைப் பெட்டிக்கும் வெங்காயக் கூடைக்கும் பழகிய சாமான்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில்லிக்கான செய்முறைகள் பெரும்பாலும் பச்சைக் கறியில் தொடங்கும். கறியைச் சிறு துண்டுகளாக வெட்டி, கொழுப்பில் போட்டுச் சிவக்க வறுத்து, மிளகாய் விழுதோடு இரண்டு மூன்று மணி நேரம் சிறுதீயில் வேகவிடுவார்கள். அந்த நேரத்தில் பச்சைக் கறி சட்டிக்குள் மூன்று வேலை பார்க்கிறது. வறுபடும்போது அடியில் பிடிக்கும் காந்தல்தான் குழம்புக்கு நிறமும் ஆழமும் தருகிறது. அதன் சாறு குழம்பில் இறங்குகிறது. தசையோடு ஒட்டிய சவ்வும் நரம்பும் மெல்லக் கரைந்து பசையாகிக் குழம்பைக் கெட்டிப்படுத்துகின்றன. ஏற்கெனவே வெந்த கறி இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றை அவனிலேயே முடித்துவிட்டு வந்திருக்கிறது. சாறு தட்டில் வடிந்தாயிற்று, மேல்பக்கம் சிவந்தாயிற்று. அதை மறுபடி இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டால் குழம்புக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, கறி மட்டும் வறண்டுபோகும்.

ஆகவே மீந்த கறியில் சில்லி செய்வதென்றால், கறியை நம்பாமலே குழம்பை முழுதாகச் சமைத்து முடிக்க வேண்டும். எலும்பு, மிளகாய், வெங்காயம், பயறு ஆகிய நான்கையும் வைத்து, கறி இல்லாமலே தொட்டு நக்கலாம் என்னும் ருசிக்குக் கொண்டுவந்துவிட்டு, கடைசி அரை மணி நேரத்தில் மென்மையான கறியைச் சேர்ப்பது. இந்தப் பதிவு முழுக்க அந்த வரிசையைத்தான் சொல்கிறது.

டெக்சஸில் இதைப் பற்றிப் பெரிய வழக்கே உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சான் அன்டோனியோ நகரத்துச் சதுக்கங்களில் மெக்சிகோ வழிவந்த பெண்கள் இரவு நேரத்தில் மேசை போட்டுச் சில்லி விற்றார்கள். 1930-கள் வரை அந்த வியாபாரம் நடந்தது. 1977-இல் டெக்சஸ் மாநிலம் சில்லியைத் தன் மாநில உணவாகவே அறிவித்தது. 1967-இல் டெர்லிங்குவா என்ற பாலைவன ஊரில் தொடங்கிய சில்லிப் போட்டி இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. அங்கே சட்டியில் பயறு கிடந்தால் ஏற்க மாட்டார்கள். அசல் டெக்சஸ்காரர்கள் தக்காளியையும் சேர்க்க மாட்டார்கள். நான் இரண்டையும் சேர்க்கிறேன். பச்சைக் கறி தரும் பசையும் கனமும் இல்லாதபோது, பயறின் மாவும் தக்காளியின் புளிப்பும் குழம்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. மீந்த கறிக்கு இவை இரண்டும் தேவை என்பது என் தீர்மானமான எண்ணம்.

கறியைப் பார்ப்பது

சமையலுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கறி எவ்வளவு நேரம் வெளியே இருந்தது? நம் ஊரில் சாயங்காலத்திலும் சமையலறை 30 டிகிரிக்குக் கிட்டத்தட்ட இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், நான்கு மணி நேரம் வெளியே கிடந்ததைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பது எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டிய கணக்கு. விருந்தில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த உடனே, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, நான் எழுந்துபோய்த் தொடையிலிருந்து கறியை அரிந்து தட்டையான டப்பாக்களில் அடுக்கிவிடுவேன். முழுத் தொடையாக அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி குளிர்வதற்கு வெகுநேரம் ஆகும். அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். இப்படி எடுத்துவைத்த கறியை மூன்று நான்கு நாளுக்குள் சமைத்துவிடலாம்.

இதே காரணத்துக்காக, கேட்டரிங்கில் வந்த உணவு மீந்தால் நான் தொடுவதில்லை. சிங்கப்பூரில் கேட்டரிங் உணவோடு எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்ற நேரம் எழுதித்தான் வரும். அந்த நேரம் தாண்டியதைப் பெரிய சட்டியில் கொதிக்கவைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதியிலும் அழியாது. சிக்கனம் நல்லதுதான், ஆனால் அது இங்கே செல்லாது.

மூன்று குவியல்

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கறியைப் பலகையில் பரப்பி மூன்றாகப் பிரிக்கிறேன். இந்த வேலைக்கு இருபது நிமிடம் ஆகும். சில்லியின் தரம் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது.

முதல் குவியல் கணுக்காலை ஒட்டிய பகுதி. விரலால் அழுத்தினால் ரப்பர் மாதிரி எதிர்க்கும். வெள்ளையாகச் சவ்வு ஓடும், நரம்பு தெரியும். அவனில் ஒன்றரை மணி நேரம் இருந்தாலும் இந்தப் பகுதி கரைந்திருக்காது. இது நன்றாக வேக வேண்டிய கறி, ஆகையால் எலும்போடு குக்கருக்குப் போகும்.

இரண்டாவது, மேல்தோல்பக்கம். நன்றாகச் சிவந்து, ஓரங்களில் கொஞ்சம் கருகி, உப்பும் பூண்டும் ஊறிப்போன பகுதி. இதைக் கொத்துக்கறி பதத்துக்குப் பொடியாக நறுக்கித் தனியாக வைக்கிறேன். பச்சைக் கறியை வறுத்தால் கிடைத்திருக்கும் காந்தல் மணம் இதில்தான் ஒளிந்திருக்கிறது. சுடும்போது ரோஸ்மேரி போட்டிருந்தால் அதன் ஊசி இலைகளைக் கத்தி முனையால் வழித்து எடுத்துவிடுங்கள். சீரகத்துக்கும் ரோஸ்மேரிக்கும் ஒத்துப்போகாது, ரோஸ்மேரி எப்போதும் மேலே ஏறி உட்காரும்.

மூன்றாவது குவியல்தான் பெரியது. உள்பக்கத்துக் கறி, வெட்டினால் இலேசான இளஞ்சிவப்பு தெரியும், மென்மையாக இருக்கும். இதைக் கட்டைவிரல் நுனி அளவுத் துண்டுகளாக, இழைக்குக் குறுக்காக வெட்டுகிறேன். இழையோடு நீளவாட்டில் வெட்டினால் தட்டில் நூல்நூலாக வரும். வெட்டியதை உடனே மூடி மறுபடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன்.

பிரிக்கும்போதே கட்டிக்கட்டியாக உறைந்திருக்கும் வெள்ளைக் கொழுப்பை முடிந்தவரை அகற்றிவிட வேண்டும். ஆட்டுக்கறியின் தனி வாடை கொழுப்பில்தான் இருக்கிறது. அதுவும் ஒருமுறை வெந்து, குளிர்ந்து, காற்றுப்பட்ட கொழுப்பு சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். கறியில் இருக்கும் இரும்புச் சத்தே அந்த மாற்றத்தைத் துரிதப்படுத்துகிறது. ‘நேத்துக் கறி’ வாடை என்று நாம் சொல்வது இதைத்தான். பழைய கொழுப்பை நீக்கிவிட்டுப் புது எண்ணெயில் தாளித்தால் அந்த வாடை பெருமளவு அடங்கிவிடும்.

எலும்புச் சாறு

சுட்ட தொடை எலும்பு ஒன்றை மட்டும் கொதிக்கவிட்டால் சாறு நீர்த்துத்தான் இருக்கும். தேக்கா ஈரச்சந்தையில் ஆட்டுக்கறிக் கடையில் போய், “பாய், சூப்பு எலும்பு அரை கிலோ குடுங்க, முட்டி கொஞ்சம் சேர்த்துப் போடுங்க” என்று கேட்டு வாங்கிவந்தேன். என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும் கழுத்தெலும்பு இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தார். கழுத்தில் சவ்வு அதிகம், நல்ல யோசனை.

பச்சை எலும்பை முதலில் வாணலியில் ஒரு கரண்டி எண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்தேன். பிறகு குக்கரில் அது, சுட்ட தொடை எலும்பு, முதல் குவியல் கறி, பாதி வெங்காயம், பத்து மிளகு, ஒன்றரை லிட்டர் தண்ணீர். உப்பு போடவில்லை. விசில் வந்ததும் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம். ஆவி தானாக அடங்கியபின் திறந்தால் கணுக்கால் கறி விரலால் தொட்டாலே பிரிந்துவிடும். அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, எலும்பை எறிந்துவிட்டு, சாற்றை வடிகட்டிக் குளிரவைத்தேன். மேலே படியும் கொழுப்பை ஒரு தகடாக எடுத்துவிடலாம். அதற்குக் கீழே சாறு கூழ்ப்பதமாக, கரண்டியை அசைத்தால் தளும்பி ஆடும்படி இருந்தது. அந்தத் தளும்பல் இருந்தால் குழம்பு நாக்கில் ஒட்டும்.

சுட்ட தட்டில் தேங்கிய சாறும் இதே மாதிரி உறைந்திருக்கும். அதையும் சேர்த்துக்கொண்டேன். அது நல்ல உப்பாக இருக்கும், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயறு

ராஜ்மா 250 கிராம், முதல் நாள் இரவே ஊறப்போட்டது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் வேகவைக்கிறேன். இந்தச் சிவப்புப் பயற்றில் இயற்கையாகவே ஒரு நஞ்சுப் புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும், குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். மிதமான சூட்டில் மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் பச்சை ராஜ்மாவை நேரடியாகப் போடவே கூடாது. டின்னில் வரும் பயறு ஏற்கெனவே வெந்தது, அதற்கு இந்தக் கவலை இல்லை.

இன்னொன்று, பயறு முழுதாக வெந்தபிறகுதான் தக்காளியோடு சேர வேண்டும். புளிப்பு பட்டால் தோல் இறுகி, எத்தனை நேரம் கொதித்தாலும் உள்ளே நறுக்கென்று நிற்கும்.

மிளகாய் விழுது

சில்லியின் உயிர் இதில்தான். மெக்சிகோவில் ஆஞ்சோ, குவாஹியோ, சிப்போட்லே என்று பல காய்ந்த மிளகாய்களைக் கலந்து அரைப்பார்கள். ஆஞ்சோ காரம் குறைந்தது, காய்ந்த திராட்சை மாதிரி ஓர் இனிப்பு உண்டு. சிப்போட்லே என்பது பழுத்த ஹலப்பேன்யோ மிளகாயைப் புகைபோட்டு உலர்த்துவது. இங்கே இணையக் கடைகளில் இவை கிடைக்கும், ஆனால் மீந்த கறிக்காக அத்தனை செலவு செய்ய எனக்கு மனம் இல்லை. முஸ்தஃபா கடையில் வாங்கிய காஷ்மீரி மிளகாய் பன்னிரண்டு, நிறத்துக்கும் சதைக்கும். சம்பால் அரைக்க வாங்கும் நீட்டுக் காய்ந்த மிளகாய் நான்கு, காரத்துக்கு. புகை மணத்துக்குப் புகைபோட்ட பாப்பிரிக்கா தூள் ஒரு தேக்கரண்டி. இந்தக் கலவையில் எனக்கு முழுத் திருப்தி.

மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டு, வெறும் வாணலியில் சிறுதீயில் புரட்டுகிறேன். தோல் இலேசாக உப்பி, நிறம் ஒரு சாயல் ஆழமாகி, மூக்கில் இனிப்பு மணம் ஏறும். அந்தக் கணத்தில் இறக்கிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் விட்டால் நெடி வந்து வீட்டில் எல்லோரும் இருமுவார்கள், விழுதும் கசக்கும். இறக்கியதைக் கொதிக்கும் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து மிக்ஸியில் நைஸாக அரைக்க வேண்டும். மலாய்ச் சமையலில் சில்லி போ என்னும் மிளகாய் விழுது அரைக்கும் அதே முறைதான், கை பழகியவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். ஊறவைத்த தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசக்கவில்லை என்றால் அரைக்க அதையே ஊற்றலாம். கசந்தால் எலும்புச் சாற்றில் அரையுங்கள்.

சீரகம் ஒன்றரை மேசைக்கரண்டி. ஆமாம், அவ்வளவு. வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்தது. மல்லி ஒரு தேக்கரண்டி. உலர்ந்த ஆரிகனோ இரண்டு தேக்கரண்டி. ஆரிகனோ இல்லாவிட்டால் ஓமம் ஒரு சிட்டிகை போடலாம், இரண்டிலும் தைமால் என்ற மணப்பொருள் உண்டு. ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் கஷாய வாடை வந்துவிடும்.

சட்டி ஏறுகிறது

அடிகனமான பெரிய சட்டியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். அது நன்றாகக் காய்ந்ததும் இரண்டாவது குவியலை, அந்தப் பொடியாக நறுக்கிய சிவந்த கறியை, பரப்பிப் போடுகிறேன். கிளறாமல் இரண்டு நிமிடம் விட்டுவிட வேண்டும். பட்பட்டென்று வெடித்து, ஓரங்கள் மொறுமொறுப்பாகி, அடியில் பழுப்பாக ஒரு படலம் பிடிக்கும். அப்போது கறியைத் தட்டில் எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் பொடியாக நறுக்கிய பெரிய சிவப்பு வெங்காயம் மூன்று. வெங்காயம் விடும் ஈரத்தில் அந்தப் படலம் கரைந்து ஏறி வெங்காயத்துக்கு நிறம் கொடுப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டே இருங்கள். பச்சைக் கறி இல்லாத குறையை இந்தப் பத்து நிமிடம்தான் ஈடுகட்டுகிறது, ஆகவே அவசரப்படக் கூடாது.

வெங்காயம் நன்றாகச் சுருண்டு பொன்னிறம் தாண்டியதும் பூண்டு எட்டுப் பல், தட்டியது. பிறகு சீரகம், மல்லி, ஆரிகனோ, பாப்பிரிக்கா. அரை நிமிடம். அடுத்து மிளகாய் விழுது முழுவதும். இங்கே நம் கைப்பழக்கம் உதவிக்கு வருகிறது. பச்சை வாடை போய், விழுது இறுகி, ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். அமெரிக்கச் செய்முறைகள் பலவற்றில் விழுதைச் சாற்றோடு கரைத்து அப்படியே கொதிக்கவிடச் சொல்வார்கள். நம் முறைப்படி வதக்கினால் மிளகாயின் நிறம் எண்ணெயில் இறங்கி, குழம்பு மினுமினுக்கும். நம் முறைதான் மேல் என்பேன்.

அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, பட்டை கிராம்பு ஒண்ணும் போடலையா? ஆட்டுக்கறிக்கு அது இல்லாம எப்படி?”

“இதுக்குச் சீரகம்தாம்மா எல்லாம். கொஞ்சம் பொறுங்க, கடைசில ருசி பார்த்துட்டுச் சொல்லுங்க.”

“இஞ்சியும் இல்லையா?”

“இல்லம்மா.”

அவருக்கு மனம் ஒப்பவில்லை. பட்டையும் கிராம்பும் இஞ்சியும் சேர்த்தால் மிக நல்ல மட்டன் குழம்பு கிடைக்கும். சில்லி கிடைக்காது. சீரகமும் காய்ந்த மிளகாயும் மட்டும் முன்னால் நிற்கும் அந்தத் தெளிவுதான் இந்தப் பண்டத்தின் குணம்.

அடுத்தது தக்காளி, 400 கிராம் டின் ஒன்று, கையால் நசுக்கியது. அதுவும் சுண்டி எண்ணெய் விட்டதும் எலும்புச் சாறு ஒரு லிட்டர், தட்டுச் சாறு, குக்கரில் வெந்த கணுக்கால் கறி, வறுத்தெடுத்த மொறு கறி, வெந்த ராஜ்மா. பயற்றில் ஒரு கைப்பிடியை மசித்துச் சேர்க்கிறேன், கெட்டித்தன்மைக்கு.

இத்தோடு கீழே காப்பிக்கடையிலிருந்து வாங்கிவந்த கோப்பி ஓ கொசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத கறுப்புக் கோப்பி, அரைக் குவளை. டெக்சஸில் சில்லிக்குக் காப்பி ஊற்றுவது புதிதல்ல. நம் ஊர்க் கோப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுப்பார்கள், ஆகையால் அந்தக் கசப்பில் கருகிய சர்க்கரையின் மணமும் இருக்கும். சர்க்கரை போடாத கோப்பியாகப் பார்த்து வாங்க வேண்டும். கொக்கோ தூள் ஒரு தேக்கரண்டி, குலா மலாக்கா என்னும் தென்னங்கருப்பட்டி ஒரு சிறு துண்டு. இந்த மூன்றும் தனித்தனியாக ருசியில் தெரியக் கூடாது. தெரிந்தால் அதிகம் என்று பொருள்.

மூடியைப் பாதி திறந்து வைத்து, சிறுதீயில் ஒரு மணி நேரம்.

ஒப்பிட்டுப் பார்த்தது

கறியைக் கடைசியில் போட வேண்டும் என்று சொல்வது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. அதனால் மூன்றாவது குவியலிலிருந்து இரண்டே துண்டுகளைப் பற்குச்சி குத்தி, குழம்பு கொதிக்கத் தொடங்கியபோதே சட்டியில் போட்டேன். மற்றதெல்லாம் ஃபிரிட்ஜில் காத்திருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் குழம்பைப் பார்த்தேன். மூன்றாவது குவியல் இன்னும் சேரவில்லை, ஆனால் கரண்டியின் பின்பக்கத்தில் கோடு போட்டால் கோடு நின்றது. அப்போதுதான் துண்டுகள் முழுவதையும் சேர்த்தேன். ஒரு கொதி வரவிட்டு, நடுவில் 75 டிகிரி தாண்டியதைக் கறிக்கான வெப்பமானியால் குத்திப் பார்த்துக்கொண்டு, உடனே தீயை மிகமிகக் குறைத்தேன். குழம்பின் மேல் எங்கோ ஓரிடத்தில் மட்டும் ஒரு குமிழ் வந்து உடைய வேண்டும், அதற்குமேல் கூடாது. இருபத்தைந்து நிமிடம்.

பிறகு இரண்டு வகையையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தோம். முதலிலேயே போன துண்டு சுருங்கிச் சின்னதாகியிருந்தது. முள்கரண்டியால் இழுத்தால் தேங்காய் நார் மாதிரி நீளநீளமாகப் பிரிந்தது. மென்றால் முதல் கடியில் மிளகாய் ருசி, பிறகு வாயில் வெறும் சக்கை. கடைசியில் போன துண்டு தன் வடிவத்தோடு இருந்தது. வெட்டினால் ஓரத்தில் ஒரு நூல் அளவுக்குச் சிவப்பு ஏறி, நடுவில் குழம்பின் சாயம் ஏறாமல் வெந்த கறியின் நிறமே இருந்தது. மென்றால் கறியின் சாறும் குழம்பும் தனித்தனியாகத் தெரிந்து பிறகு ஒன்றாகின.

காரணம் எளிது. 65 டிகிரிக்கு மேலே போகப்போகத் தசைநார்கள் சுருங்கித் தம்முள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். சுற்றிலும் குழம்பு இருந்தாலும் அந்த ஈரம் திரும்ப உள்ளே போகாது. சவ்வு நிறைய உள்ள கறியென்றால் சவ்வு கரைந்து அந்த வறட்சியை மறைக்கும். உள்தொடையில் சவ்வு குறைவு, மறைக்க ஒன்றும் இல்லை.

கறி சேர்ந்து பத்து நிமிடம் ஆனபிறகுதான் முதன்முதலாக உப்பு பார்க்க வேண்டும். சுடும்போது கறிக்கு உப்பிட்டிருக்கிறோம், தட்டுச் சாறும் சுண்டியிருக்கிறது. எனக்கு அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாகத்தான் தேவைப்பட்டது.

கெட்டிப்படுத்த மெக்சிகோவில் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். நம் கடைகளில் கார்ன் ஃபிளவர் என்று கிடைப்பது வெறும் ஸ்டார்ச், அதில் அந்த மணம் வராது. உப்புக் குறைந்த மக்காச்சோள டோர்ட்டியா சிப்ஸ் 30 கிராமை மிக்ஸியில் பொடித்துத் தூவினேன். அந்தச் சிப்ஸும் அதே முறையில் பதப்படுத்திய சோளத்தில் செய்வதுதான். ஐந்து நிமிடத்தில் குழம்பு வழவழப்பாகி, சோளத்தின் மணம் எழுந்தது. இறக்கியபின் இரண்டு கலமான்சிப் பழத்தின் சாறு. அது இல்லாமல் எல்லாம் கனமாக, ஒரே தளத்தில் இருக்கும்.

அம்மா ஒரு கரண்டி எடுத்துச் சோற்றில் போட்டுச் சாப்பிட்டார். “கொழம்பு மாதிரி இல்ல. ஆனா நல்லா இருக்கு. சீரகம் தூக்கலா இருக்கே, அது நல்லாத்தான் இருக்கு” என்றார். தயிரைக் கேட்டு வாங்கித் தொட்டுக்கொண்டார். டெக்சஸில் புளித்த கிரீம் வைப்பார்கள், நம் கெட்டித் தயிர் அந்த இடத்தில் அருமையாகப் பொருந்துகிறது. பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயமும் மல்லித்தழையும் மேலே. சோற்றோடு சாப்பிடலாம், நீட்டு ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கிறது. பரோட்டாவோடு வேண்டாம், இரண்டும் எண்ணெய், திகட்டிவிடும்.

வேறு கறி மீந்தால்

எல்லா மீந்த கறியும் சில்லிக்கு ஆகாது. தந்தூரிக் கோழி மிகப் பொருத்தம். கருகிய ஓரங்கள் இருக்கும், மசாலாவும் சண்டை போடாது. கோழியின் நெஞ்சுக்கறி என்றால் உதிர்த்து, கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்த்தால் போதும். தொடைக்கறி என்றால் கால் மணி நேரம் தாங்கும். வேகவைத்த சிக்கன் ரைஸ் கோழியில் காந்தலே கிடையாது, ஆகையால் புகை பாப்பிரிக்காவைக் கூட்டி, வெங்காயத்தை இன்னும் ஆழமாக வதக்க வேண்டும். மாட்டிறைச்சி சாப்பிடும் வீடுகளில் மெதுவாகச் சுட்ட நெஞ்சுப்பகுதி மீந்தால் அதைவிட நல்ல சாமான் இல்லை, அது சவ்வு நிறைந்த கறி, முக்கால் மணி நேரம்கூட அடுப்பில் தாங்கும்.

ரெண்டாங்கைத் தொடாதீர்கள். தேங்காயும் லெங்குவாஸும் (சித்தரத்தை வகை) செராயும் (எலுமிச்சைப்புல்) ஊறிய கறி எந்தச் சட்டியில் போட்டாலும் ரெண்டாங்காகவேதான் இருக்கும், அதுவே அதன் பெருமை. பிரியாணிக் கறியும் அப்படியே, ஏலக்காயும் கிராம்பும் மறையாது. அவற்றை அவற்றின் வழியிலேயே சூடாக்கிச் சாப்பிடுவதுதான் மரியாதை.

மிச்சத்தை வைப்பது

சில்லி மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும். ஆனால் பெரிய சட்டியோடு மூடி அடுப்பிலேயே இரவு முழுக்க விட்டால் அது சூடு ஆறாமல் மணிக்கணக்கில் கதகதப்பாகவே இருக்கும். கொதியைத் தாங்கும் விதைபோன்ற கூடுகளாக மாறி உயிர்தப்பும் கிருமி உண்டு. கறிக்குழம்பு மெதுவாக ஆறும்போது அது மறுபடி முளைத்துப் பெருகும். சாப்பிட்டு முடித்ததும் தொட்டியில் குளிர்ந்த தண்ணீரும் ஐஸ் கட்டியும் நிரப்பி, சட்டியை அதில் நிறுத்திக் கிளறினேன். கை வைக்கும் சூட்டுக்கு வந்ததும் ஆழமில்லாத டப்பாக்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

இந்தக் கறி இப்போது இரண்டு முறை சூடேறிவிட்டது. ஆகையால் மறுநாள் சாப்பிடும் அளவை மட்டும் தனிச் சட்டியில் எடுத்துக் கொதிக்கவிடுங்கள், மொத்தத்தையும் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டாம். மறுநாளுக்குத் தேவையில்லாததை அன்றே ஜிப் பைகளில் தட்டையாகப் பரப்பி ஃபிரீசருக்கு அனுப்பிவிடலாம். பையின் மேல் தேதி எழுதுங்கள், இரண்டு மூன்று மாதம் ருசி கெடாமல் இருக்கும். எடுக்கும்போது முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். சூடாக்குகையில் கெட்டியாகத் தெரிந்தால் தண்ணீருக்குப் பதில் எடுத்துவைத்த எலும்புச் சாறு அரைக் குவளை, கலமான்சி மட்டும் புதிதாகப் பிழிந்துகொள்ளுங்கள்.